ஓசியில் உருளும் ஒற்றைச் சக்கரம்: செயினா, நேரடி ஹப்பா, செய்யாமலே விடுவதா?

ஒற்றைச் சக்கர சைக்கிளை ஓரளவு நன்றாக ஓட்டப் பழகியவர்கள் என்றாவது ஒரு நாள் ஏதோ ஓர் இறக்கத்தில் இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார்கள். பக்கத்தில் சாதாரண சைக்கிள்காரர் பெடலை நிறுத்திவிட்டுக் காற்று வாங்கியபடி இறங்கிப் போகிறார். நமக்கோ சக்கரம் சுற்றும் வரை காலும் சுற்றியாக வேண்டும். பெடலைத் தாங்கும் கை, அதாவது கிராங்க், சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்போடு நேராகப் பூட்டியிருக்கிறது, வேறு வழியில்லை. 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் போவது சுமார் 1.6 மீட்டர். நிமிடத்துக்கு 100 முறை மிதித்தால்கூட மணிக்கு 10 கிலோமீட்டரைத் தொடாது. அதற்கு மேல் வேகம் பிடித்தால் கால் தோற்றுப்போகும்.

சரி, காலை நிறுத்தினாலும் சக்கரத்தை ஓடவிடுகிற ஃப்ரீவீலை, சாதாரண சைக்கிளில் இருப்பதைப் போல, நடுவில் போட்டுவிட்டால்? யோசனை எளிது. எப்படிப் போடுவது என்பதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய சைக்கிளை அறுத்துச் செயின் வைத்த உயரமான வண்டி கட்டலாம். லேத்தில் ஹப் கடைந்து கிராங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவிலேயே ஃப்ரீவீலை உட்கார வைக்கலாம். அல்லது எதையும் கட்டாமல், இருக்கிற வண்டியிலேயே காலைத் தூக்கிக்கொண்டு உருளப் பழகலாம். நான் முதல் இரண்டையும் கட்டி ஓட்டியவன். மூன்றாவதைக் கற்றுக்கொள்ள முயன்று பாதியில் விட்டவன். அந்தச் சாய்வு கீழே எழுதியிருப்பதில் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் பிரேக். ஃப்ரீவீல்தான் இந்த வண்டியின் உயிர் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பாதி உயிர் பிரேக்கில்தான் இருக்கிறது. சாதாரண ஒற்றைச் சக்கரத்தில் முன்னால் சாய்ந்தால் மிதிக்கிறோம், சக்கரம் ஓடிவந்து நம் அடியில் நிற்கிறது. பின்னால் சாய்ந்தால் பெடலை எதிர்த்து அழுத்துகிறோம், சக்கரம் வேகம் குறைந்து உடம்பு மேலே வந்துவிடுகிறது. ஃப்ரீவீல் போட்டதும் இதில் இரண்டாவது பாதி காணாமல் போகிறது. எதிர்த்து அழுத்தினால் பெடல் டிக் டிக் என்று பின்னால் சுற்றும், சக்கரம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். இழந்த அந்தப் பாதியைத் திருப்பித் தருவது பிரேக் மட்டும்தான். ஆகவே இங்கே பிரேக் என்பது நிறுத்தும் கருவி அல்ல, சமநிலைக் கருவி. பிரேக் இல்லாமல் "முதலில் ஓட்டிப் பார்ப்போம்" என்று கிளம்புகிறவர்கள் முதல் நிமிடத்திலேயே மல்லாந்து விழுவார்கள்.

அடுத்தது ப்ளே. ஃப்ரீவீல் எல்லாக் கோணத்திலும் உடனே பிடிக்காது. உள்ளே இருக்கும் கொக்கிகள் அடுத்த பல்லில் விழும் வரை பெடல் சும்மா நகரும். ஒரு சுற்றில் 18 இடங்களில் பிடிக்கும் ஃப்ரீவீல் என்றால், மோசமான நேரத்தில் 20 டிகிரி வரை கால் காற்றை மிதிக்கும். 150 மி.மீ. கிராங்கில் அது பாதத்துக்கு 52 மி.மீ. முன்னால் சாய்ந்துகொண்டிருக்கும்போது இரண்டு அங்குலம் கால் சும்மா போவது எப்படி இருக்கும் தெரியுமா? இருட்டில் இல்லாத படியில் காலை வைத்தது போல இருக்கும். 72 இடங்களில் பிடிக்கும் ஃப்ரீவீலில் அது 5 டிகிரி, அதாவது 13 மி.மீ. ட்ரயல்ஸ் என்ற தாவல் பந்தய சைக்கிள்களுக்கு இப்படி நெருக்கமாகப் பிடிக்கும் ஃப்ரீவீல்கள் செய்கிறார்கள். வாங்கும் முன் கையில் எடுத்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, டிக் சத்தத்தை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது பலம், இதைத்தான் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள சாதாரண சைக்கிளில், காலின் முறுக்கு விசையில் ஐந்தில் இரண்டு பங்குதான் ஃப்ரீவீலுக்குப் போகிறது. பற்களின் விகிதம் ஒன்றுக்கு ஒன்று என்றாலோ, கிராங்க் நேராகப் பூட்டியிருந்தாலோ, முழுவதும் போகும். 70 கிலோ ஆள் 150 மி.மீ. கிராங்கில் எழுந்து நின்றால் ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர். ஒரே ஃப்ரீவீல், ஆனால் சைக்கிளில் தாங்கியதைவிட இரண்டு மடங்குக்கும் மேலான சுமை. மட்டமான ஃப்ரீவீல் ஒரு நாள் வழுக்கும். சைக்கிளில் வழுக்கினால் முட்டி இடிக்கும். இங்கே வழுக்கினால் ஆள் முன்னால் பறப்பார்.

மீதி இரண்டும் உங்களுக்கே தெரிந்தவை. கைக்கெட்டும் தூரத்தில் வெல்டிங் இருக்கிறதா, லேத் இருக்கிறதா? விழுந்தால் எவ்வளவு உயரத்திலிருந்து விழுவீர்கள்?

## வழி 1: செயின் வண்டி

சைக்கிளின் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தையும், கிராங்க் சுற்றும் பெடல் பெட்டியையும் இணைக்கும் இரு குழாய்களைச் செங்குத்தாக நிமிர்த்தினால், பெடல் பெட்டி சக்கரத்தின் ஆக்சிலுக்கு நேர் மேலே வந்துவிடும். அதற்கு மேல் ஒரு குழாயை வெல்டிங் வைத்து சீட்டைச் செருகினால் சட்டம் தயார். சர்க்கஸில் ஒட்டகச்சிவிங்கி என்று சொல்லும் உயர வண்டியின் குட்டித் தம்பி இது. சக்கரம், ஹப், ஃப்ரீவீல், செயின், கிராங்க் எல்லாமே சைக்கிளுக்குரியவை. எதையும் கடைய வேண்டியதில்லை. பின்னால் ஒற்றை ஃப்ரீவீல் மாட்டும், பி.எம்.எக்ஸ். என்ற சாகச சைக்கிளின் சக்கரம் கிடைத்தால் வேலை இன்னும் சுலபம்.

இந்த வழியின் பெரிய லாபம் பற்களின் விகிதத்தை நாமே வைத்துக்கொள்ளலாம் என்பது. மேலே பெடலில் 25 பல், கீழே சக்கரத்தில் 18 பல் என்று வைத்தால் 20 அங்குலச் சக்கரம் ஏறத்தாழ 28 அங்குலம் போல ஓடும். அதே விகிதம் ஃப்ரீவீலின் மீதான சுமையையும் குறைக்கும், காலில் தெரியும் ப்ளேயையும் குறைக்கும். 20 டிகிரி இருந்தது பெடலில் 14 ஆகிவிடும். மட்டமான ஃப்ரீவீலோடு தொடங்குகிறவருக்கு இது பெரிய உபகாரம்.

இன்னொரு லாபத்தை நான் கட்டி முடித்த பிறகுதான் கண்டுகொண்டேன். சாதாரண உயர வண்டியில் செயினின் இரண்டு பக்கமும் மாறி மாறி இறுகும், காரணம் எதிர் அழுத்தமும் அதே செயின் வழியாகத்தான் போகிறது. அதனால் அங்கே செயினை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் வைத்த டென்ஷனர் மாட்ட முடியாது. ஃப்ரீவீல் வண்டியில் எதிர் அழுத்தமே இல்லை. எப்போதும் பின்பக்கம்தான் இறுகும், முன்பக்கம் தளர்ந்தே இருக்கும். முன்பக்கத்தில் ஒரு டென்ஷனரை வைத்துவிட்டால் செயின் தளர்ச்சியைப் பற்றிய கவலை போயிற்று.

இனி மறைந்திருக்கும் செலவுகள். உயரம் முதலாவது. ஆக்சிலுக்கு மேல் 40 சென்டிமீட்டரில் பெடல் பெட்டி, அதற்கு மேல் உங்கள் காலின் நீளம். சீட் தரையிலிருந்து 130 சென்டிமீட்டர் அளவுக்குப் போய்விடும். நேரடி ஹப் வண்டியில் அது 90. விழும்போது காலில் வந்து நிற்கலாம்தான், ஆனால் யோசிக்க நேரம் கிடைக்காது. இரண்டாவது, செயின் கழன்றால் முன்னால் விழுவதிலிருந்து காப்பாற்ற எதுவும் இல்லை. என் வண்டியில் ஒருமுறை மேல் பல்சக்கரம் 3 மி.மீ. கோணலாக வெல்டிங் ஆகிவிட்டது. நானேதான் செய்தேன், வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. நேர்ச் சாலையில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு சிறு மேட்டில் எழுந்து மிதித்ததும் செயின் கழன்றது, இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்தது. அன்றிலிருந்து நூல் பிடித்து நேர் பார்க்காமல் ஒரு பொட்டுகூட வைப்பதில்லை.

மூன்றாவது வெல்டிங்கிலேயே இருக்கிறது. குரோம் அல்லது துத்தநாகப் பூச்சு உள்ள குழாயை அப்படியே வெல்டிங் வைத்தால் எழும் புகை நச்சு. பூச்சை நன்றாகத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

இது யாருக்குப் பொருந்தும்? வெல்டிங் தெரிந்தவருக்கு, அல்லது தெரிந்த நண்பர் உள்ளவருக்கு. உயர வண்டியில் ஏற்கெனவே ஏறிப் பழகியவருக்கு. கொஞ்சம் வேகமும் வேண்டும் என்பவருக்கு.

## வழி 2: நேரடி ஹப்

வெளியே பார்த்தால் சாதாரண ஒற்றைச் சக்கரம் போலவே இருக்கும், உயரமும் அதேதான். உள்ளே மட்டும் வேலை வேறு. சாதாரண வண்டியில் அச்சும் ஹப்பும் ஒன்றாகவே சுற்றும். இங்கே அச்சு தனி, ஹப் கூடு தனி. இரண்டு கிராங்கும் அச்சில் பூட்டப்படும். அச்சு சட்டத்தின் இரு பேரிங்குகளில் சுற்றும். ஹப் கூடு அந்த அச்சின் மேல் வேறு இரண்டு பேரிங்குகளில் தனியாகச் சுற்றும். அச்சுக்கும் கூட்டுக்கும் நடுவில் ஃப்ரீவீல்.

இங்கேதான் ஒரு முடிச்சு. சைக்கிளில் செயின் ஃப்ரீவீலின் வெளிப்பல்லை இழுக்கிறது, வெளிவளையம் உள்வளையத்தை ஓட்டுகிறது. நமக்கு வேண்டியது நேர் எதிர்: உள்வளையம் வெளிவளையத்தை ஓட்ட வேண்டும். அதற்குத் தனி ஃப்ரீவீல் தேடி அலைய வேண்டாம். சாதாரண ஃப்ரீவீலையே இடது பக்கத்தில், முகம் வெளியே பார்க்கும்படி மாட்டினால் போதும். இடமிருந்து பார்க்கும்போது முன்னோக்கிய சுற்று இடஞ்சுழியாக இருக்கும், அந்தத் திசையில் உள்வளையம் வெளிவளையத்தைப் பிடித்துக்கொள்ளும். மரையும் மிதிக்க மிதிக்க இறுகுமே தவிரக் கழலாது. ட்ரயல்ஸ் சைக்கிள்களில் வலது கிராங்கில், உள்பக்கம் முகம் வைத்து மாட்டும் ஃப்ரீவீலும் இதே தந்திரம்தான். காகிதத்தில் படம் போட்டுப் பார்த்துவிட்டு லேத்துக்குப் போங்கள். வலது பக்கம் மாட்டிவிட்டு, பின்னால் மட்டும் ஓடுகிற வண்டியோடு உட்கார்ந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

வெளிவளையத்தை ஹப் கூட்டோடு எப்படி இணைப்பது? வெல்டிங் என்றுதான் முதலில் தோன்றும். வேண்டாம். சூட்டில் உள்ளே உள்ள சிறு ஸ்பிரிங்குகள் தளர்ந்துவிடும், கிரீஸ் எரியும், கெட்டிப்படுத்திய பல் மென்மையாகும். ஃப்ரீவீல் பல்லின் வடிவத்திலேயே உள்துளை வெட்டிய கனமான எஃகுத் தகட்டைச் செய்து, அதை ஹப்பின் விளிம்பில் போல்ட் போட்டு இறுக்குவது மேல். லேசர் வெட்டுகிறவர் சரியான வரைபடம் கொடுத்தால் செய்து தருவார். அச்சின் மரைக்கு டர்னரிடம் சொல்ல வேண்டிய அளவு 1.375 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை.

இந்த வழியில் ஃப்ரீவீல் மட்டமாக இருந்தால் மன்னிப்பே கிடையாது. விகிதம் ஒன்றுக்கு ஒன்று, சுமை முழுவதும் அதன் தலையில். ப்ளே எவ்வளவோ அவ்வளவும் பாதத்தில். ஆகவே நெருக்கமாகப் பிடிக்கும் தரமான ஃப்ரீவீலின் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள். மறைந்திருக்கும் இன்னொரு செலவு அகலம். ஒற்றைச் சக்கரச் சட்டங்களில் பேரிங்குகளுக்கு இடையே பொதுவாக 100 மி.மீ. அல்லது 125 மி.மீ. இருக்கும். ஃப்ரீவீலும் கூடுதல் பேரிங்குகளும் டிஸ்க் பிரேக்கின் தகடும் சேர்ந்தால் 100 போதாது. சட்டத்தையும் மாற்ற வேண்டி வரும்.

அப்புறம் காத்திருப்பு. லேத் வேலையில் முதல் அச்சு சரியாக வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. என்னுடையது மூன்றாவது தடவையில் வந்தது. பேரிங் உட்காரும் இடம் ஒரு நூலிழை தளர்ந்தாலும் சக்கரம் ஆடும், ஆட்டம் பிரேக்கில் தெரியும்.

இவ்வளவு சிரமத்துக்கும் கிடைப்பது என்ன? தாழ்வான, கழல்வதற்குச் செயினே இல்லாத வண்டி. விழுந்தாலும் பெரும்பாலும் நின்றபடி இறங்கிவிடலாம். கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்லது இல்லை.

## வழி 3: செய்யாமலே உருள்வது

சாதாரண வண்டியிலேயே இரண்டு கால்களையும் சட்டத்தின் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு உருள்கிறவர்கள் இருக்கிறார்கள். இதில் இன்னொரு வகை, ஒரு பாதத்தை டயர்மேல் உரசவிட்டு, அதையே பிரேக்காக வைத்துக்கொண்டு இறங்குவது. இரண்டாவது முதலாவதைவிடச் சுலபம், காரணம் கையில், மன்னிக்கவும், காலில் ஒரு பிரேக் இருக்கிறது. பெடலே இல்லாமல் ஆக்சிலின் இருபுறமும் மிதிபலகை தொங்கும் சக்கரமும் உண்டு. சீட் கிடையாது, அதில் நின்றுகொண்டு உருள வேண்டும்.

கட்டும் செலவு பூச்சியம், பழகும் செலவு ஏராளம். நான் பல வாரங்கள் முயன்றும் பத்து மீட்டரைத் தாண்டவில்லை. கால் தூக்கியிருக்கும்போது பெடல்கள் கீழே வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், திரும்பக் காலை வைக்கும்போது கணுக்காலில் ஓர் அடி நிச்சயம். ஆனால் இளம் வயது, நல்ல சமதளம், பொறுமை மூன்றும் இருப்பவர் பட்டறைப் பக்கமே போக வேண்டியதில்லை.

சிலர் கியர் ஹப்பைக் கேட்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் ஃப்ளோரியன் ஷ்லம்ப் வடிவமைத்த ஹப்பில் குதிகாலால் ஒரு பொத்தானைத் தட்டினால் சக்கரம் ஒன்றரை மடங்கு வேகமாகச் சுற்றும். அருமையான சாதனம், ஆனால் இரண்டு கியரிலும் கால் சுற்றியே ஆக வேண்டும். வேகம்தான் உங்கள் பிரச்சினை என்றால் அது பதில். உருள்வதுதான் ஆசை என்றால் அல்ல.

## ஒரே பார்வையில்

| | செயின் வண்டி | நேரடி ஹப் | செய்யாமலே |
|---|---|---|---|
| வேண்டிய பட்டறை | வெல்டிங் | லேத், லேசர் வெட்டு | ஒன்றுமில்லை |
| சீட் உயரம் | சுமார் 130 செ.மீ. | சுமார் 90 செ.மீ. | இருப்பதே |
| ஃப்ரீவீல் தரம் | நடுத்தரம் போதும் | உயர்தரம் கட்டாயம் | வேண்டாம் |
| பிரேக் | ரிம் பிரேக் சுலபம் | ரிம் அல்லது டிஸ்க் | பாதம் |
| மோசமான விபத்து | செயின் கழன்று முன்னால் | ஃப்ரீவீல் வழுக்கி முன்னால் | சக்கரம் ஓடி மல்லாந்து |
| ஓட்டக் கற்க | கடினம் | நடுத்தரம் | மிகக் கடினம் |

## பிரேக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம்

எந்த வழியில் கட்டினாலும் இதற்கு மெனக்கெடுங்கள். ரிம் பிரேக் மாட்ட எளிது, ஆனால் ரிம்மில் பெண்ட் இருந்தால் சுற்றுக்கு ஒருமுறை பிடித்து விடும், நீங்கள் சுற்றுக்கு ஒருமுறை தலையாட்டுவீர்கள். சைக்கிளில் பொறுத்துக்கொள்கிற பெண்ட் இங்கே ஆளைச் சாய்க்கும். நீண்ட கை கொண்ட வி பிரேக்குக்கு அதற்கென்று உள்ள லீவர்தான் போட வேண்டும். பழைய காலிப்பர் லீவர் இழுக்கும் கேபிள் நீளம் போதாது. டிஸ்க்கில் பிடிப்பை மெல்ல மெல்லக் கூட்டலாம், ஈரத்திலும் நம்பலாம். ஆறு போல்ட் டிஸ்க்குக்குப் போல்ட் வட்டம் 44 மி.மீ., ஹப் கடையும்போதே துளை போட்டுவிடுங்கள். லீவர் சீட்டின் மூக்குக்கு அடியில், கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு விரலால் இழுக்கும் தூரத்தில் இருக்க வேண்டும்.

## என் ஓட்டு யாருக்கு

லேத் வசதி இருந்தால் யோசிக்காமல் நேரடி ஹப். வெல்டிங் மட்டும் இருந்தால் செயின் வண்டி, ஆனால் பெடல் பெட்டியைச் சக்கரத்துக்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவர முடியுமோ அவ்வளவு நெருக்கமாக. டயருக்கும் கிராங்குக்கும் இடைவெளி இருந்தால் போதும், 40 சென்டிமீட்டரை அப்படியே வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இரண்டும் இல்லாமல், ஒருமுறை உருண்டு பார்த்தால் போதும் என்ற ஆசை மட்டும் இருப்பவர் மூன்றாவது வழியில் டயர்மேல் பாதம் வைப்பதைப் பழகிப் பார்க்கட்டும். சாதாரண ஒற்றைச் சக்கரத்தையே இன்னும் தடுமாறாமல் ஓட்டத் தெரியாதவர் இந்த மூன்றில் எதையும் இப்போது தொட வேண்டாம். ஃப்ரீவீல் வண்டி கற்றுக்கொள்வதைச் சுலபமாக்காது.

## கட்டியாயிற்று, எப்படி ஏறுவது?

ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் கட்டாயம். உருளும்போது விழுவது பெரும்பாலும் பின்னால், கை முதலில் தரைக்குப் போகும்.

பழைய பழக்கத்தில் பின்பெடலை அழுத்தி ஏறப் பார்க்காதீர்கள், அது அப்படியே கீழே போய்விடும். பிரேக்கை இறுகப் பிடியுங்கள். சக்கரம் சட்டத்தோடு பூட்டிக்கொள்ளும். கிராங்கை முன்னால் கிடையாக வைத்து முன்பெடலில் எடையைப் போட்டால் அது படிபோல் நிற்கும். அதில் ஏறி, உடம்பு கொஞ்சம் முன்னால் சாயத் தொடங்கும்போது பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்க வேண்டும். விடுவதற்கும் மிதிப்பதற்கும் இடையில் தாமதிக்காதீர்கள்.

முதல் நாளே சமதரையில் உருள முயல்வது எல்லாரும் செய்யும் தவறு. சமதரையில் முன்னால் சாய்ந்தால் மிதிக்க வேண்டும், பின்னால் சாய்ந்தால் பிரேக் பிடிக்க வேண்டும், இரண்டு வேலை. மிக லேசான, நீளமான இறக்கத்தைத் தேடுங்கள். அங்கே பிரேக்கை எப்போதும் மெல்ல உரசவிட்டபடி இறங்கினால் ஒரே விரலில் இரண்டும் முடிந்துவிடும். கொஞ்சம் விட்டால் சக்கரம் வேகம் பிடித்து முன்னால் ஓடும், கொஞ்சம் இறுக்கினால் பின்தங்கும். கால்கள் இரண்டும் கிடையாக, அசையாமல் இருக்கட்டும். முன்னால் எந்தக் கால் வசதியோ அந்தக் காலை முன்னால் வைத்திருங்கள். மூன்று, நான்கு மீட்டர் உருண்டதும் மிதித்து நிலைக்கு வாருங்கள், திரும்பவும் உருளுங்கள். எனக்கு முதல் இருபது மீட்டர் வர ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாவது நாள் பிரேக் கேபிள் தளர்ந்திருந்ததைப் பார்க்காமல் ஏறிவிட்டேன், திரும்ப நான்கு மீட்டருக்கே வந்தேன்.